வண்டி கொதித்தால் தண்ணீரைத் தேடாதீர்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு காலைக் கூட்டத்தில், கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



"அண்ணாச்சி, வெயில் ஏறிக்கிட்டே போகுது. கார் ஹீட் ஆகுறதைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க" என்று செயலாளர் கேட்டார். 31 வருடம் பஸ் பணிமனையில் வேலை பார்த்தவன் என்பதால் கேட்டிருக்கிறார். நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. இந்த விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

போன சித்திரையில் என் மகள், மருமகன், பேத்தி மூன்று பேரும் நரிக்குடிப் பக்கம் குலதெய்வம் கும்பிட்டுவிட்டு அருப்புக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். உச்சிப் பொழுது. திருச்சுழி தாண்டியதும் மருமகன் போன் செய்தார்.

"மாமா, டெம்பரேச்சர் முள்ளு மேல போயிருச்சு. பானெட்ல லேசா ஆவி வருது."

நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். யோசிக்கவே இல்லை. "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. அரை மணி நேரம் ஆறவிட்டு, தண்ணி ஊத்திட்டு மெல்ல வாங்க" என்றேன். பக்கத்துத் தோட்டத்தில் போர்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கேனில் பிடித்து ஊற்றிக்கொண்டு கிளம்பினார்கள். நாலைந்து கிலோமீட்டர் வந்ததும் மறுபடி போன்.

"மாமா, முள்ளு மறுபடி ஏறுச்சு. ஆனா இப்ப நல்லா கீழ இறங்கிருச்சு. பரவால்ல."

"அப்ப சரி, அப்படியே வந்துருங்க" என்றேன்.

பத்து நிமிடத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். ஒதுங்க ஒரு புளியமரம் கூடக் கிடையாது. ஐந்து வயதுப் பேத்தி அந்த வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாள். நான் வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முகமெல்லாம் சிவந்து வாந்தி எடுத்திருந்தது. நல்லவேளை, அன்று சாயங்காலமே தேறிவிட்டாள்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து பார்த்தோம். ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் ஒரு கிளாம்ப் நழுவியிருந்தது. அந்தக் கிளாம்ப் ஒரு டீ, வடை விலைதான். ஆனால் இன்ஜின் ஹெட் வளைந்து, கேஸ்கட் கருகியிருந்தது. செலவு என் இரண்டு மாத ஓய்வூதியம். ஓட்டியவர் மேல் குற்றமில்லை. போனில் நான் இரண்டு தடவை சொன்ன வார்த்தைதான் அந்த இன்ஜினைக் கொன்றது.

"தண்ணி ஊத்துங்க" என்றேனே தவிர, "தண்ணி எங்க போச்சு?" என்று கேட்கவில்லை. இன்று நான் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

முள் ஏன் இறங்கியது?

இன்ஜினுக்குள் பெட்ரோல் எரியும்போது தீயின் சூடு 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஹெட் அலுமினியம். அது உருகுவது 660 டிகிரியில். உருகாமல் காப்பாற்றுவது அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும் கூலன்ட்தான். நீங்கள் போடும் பெட்ரோலின் சூட்டில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு வண்டியை ஓட்டுகிறது, ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போகிறது, மீதி கூலன்ட் வழியாக ரேடியேட்டருக்குப் போய்க் காற்றில் கலக்கிறது. அந்த மூன்றாவது வழி அடைபட்டால் சில நிமிடங்களில் காரியம் முடிந்துவிடும்.

டெம்பரேச்சர் முள் காட்டுவது இன்ஜினின் சூட்டை அல்ல. கூலன்டில் நனைந்திருக்கும் ஒரு சென்சாரின் சூட்டை. கூலன்ட் மொத்தமும் வெளியே போய்விட்டால் அந்தச் சென்சார் வெறுங்காற்றில் தொங்கும். அப்போது முள் இறங்கினாலும் இறங்கும். என் மருமகன் "பரவால்ல" என்று சொன்ன நேரத்தில் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஆகவே முதல் பாடம். ஏறிய முள் காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். உடனே வண்டியை நிறுத்துங்கள். இன்னொன்று, இப்போது சில கார்களில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு வருவதே கடைசிக் கட்டத்தில். "அடுத்த ஊர் வரைக்கும் போயிரலாம்" என்ற நினைப்பே அங்கே கூடாது.

ரேடியேட்டர் மூடியும் குக்கர் வெயிட்டும்

சமையலறையில் குக்கர் வைக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கரில் வெயிட் போட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, 120 டிகிரி வரை போகும். கார் ரேடியேட்டரும் அப்படித்தான். மூடியின் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். எத்தனை பார் அழுத்தம் வரை தாங்கிப் பிடிக்கும் என்பதற்கான எண் அது. அந்த மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் குக்கர் வெயிட். கூலன்டும் நல்ல தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மூடி இல்லாமலே 106 டிகிரி வரை கொதிக்காது. நல்ல மூடி போட்டால் 125 டிகிரியைத் தாண்டியும் நிற்கும்.

மூடியின் ரப்பர் வெடித்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ அழுத்தம் நிற்காது. எல்லாம் சரியாக இருந்தும் வண்டி கொதிக்கும். சில நூறு ரூபாய் மூடி அது. ஆனால் பலர் கடைசியில்தான் அதைப் பார்க்கிறார்கள்.

சூடாக இருக்கும் குக்கரை வெயிட் இறங்காமல் யாராவது திறப்பீர்களா? ரேடியேட்டரை மட்டும் துண்டைச் சுற்றித் திறக்கிறார்கள். என் இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இருக்கும் தழும்பைப் பலர் பார்த்திருப்பீர்கள். 19 வயதில், வேலை பழகும்போது, ஒரு லாரி ரேடியேட்டரைத் திறந்ததில் வந்தது. மூடி தளர்ந்த நொடியில் உள்ளே 110, 115 டிகிரியில் அடங்கி நின்ற தண்ணீர் அப்படியே ஆவியாகிப் பீறிடும். துண்டு தடுக்காது. மேல் ஹோஸைக் கையால் தயங்காமல் பிடிக்க முடிகிற வரை, எப்படியும் முக்கால் மணி நேரம், மூடியைத் தொடாதீர்கள். பிள்ளைகளை பானெட் பக்கம் விடவே விடாதீர்கள்.

நம் தண்ணீரும் நம் தாத்தாக்களின் பழக்கமும்

"வண்டிக்குத் தண்ணி ஊத்து" என்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக வந்த சொல். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்திலேயே அது உண்டு. 1888-இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மா, தன் இரண்டு மகன்களோடு கணவரின் மோட்டார் வண்டியில் மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் போனார். அந்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் இன்ஜின் குளிரும். அதனால் வழியெல்லாம் நின்று நின்று தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

நம் அம்பாசிடரும் ஏறக்குறைய அந்த வழியில் வந்ததுதான். இன்ஜின் கனத்த வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். டிக்கியில் ஒரு தண்ணீர்க் கேன் எப்போதும் கிடக்கும். காலையில் சாமி கும்பிட்டு, தண்ணீர் பார்த்து, வண்டி எடுப்பார்கள். கிணற்றுத் தண்ணீரோ கண்மாய்த் தண்ணீரோ, அது தாங்கும். அடைத்தால் பட்டறையில் ரேடியேட்டரைப் பிரித்து, கம்பி விட்டுக் குத்தி, பற்ற வைத்துக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கம் அந்த வண்டிக்குச் சரி.

இப்போது நம் கார்களில் ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் அலுமினியம், அதன் இரண்டு ஓரத் தொட்டிகள் பிளாஸ்டிக். ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடும் குழாய்கள் மிகவும் ஒடுக்கம். பிரித்துக் குத்துவதற்கு வழியில்லை.

நம் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரிசலுக்கு அடியில் தோண்டினால் சுக்கான்தான் வரும். பந்தல்குடியில் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். அந்த மண்ணுக்குள் கிடந்த தண்ணீரைத்தான் போரில் இறைக்கிறோம். குளியலறைக் குழாயில் வெள்ளைப் பொருக்கு. வாட்டர் ஹீட்டர் கம்பியைக் கழற்றிப் பாருங்கள், முட்டை ஓடு மாதிரி படிந்திருக்கும். உப்பைச் சூடு பண்ணினால் நன்றாகக் கரையும் என்பது நம் அனுபவம். ஆனால் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு அதற்கு நேரெதிர். சூடு ஏற ஏறப் பிரிந்து படியும். ஆகவே இன்ஜினில் எங்கே அதிகச் சூடோ, எங்கே குளிர்ச்சி மிகவும் தேவையோ, சரியாக அங்கேதான் போய் ஒட்டும். அதோடு தண்ணீரில் இருக்கும் உப்பு அலுமினியத்தை அரிக்கும்.

"நம்ம ஊர்ல பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?" என்று ஒரு தம்பி கேட்டார். உறையாமல் காப்பது குளிர்நாட்டுக்காரர்களுக்கு. நமக்கு அதில் இரண்டு லாபம். ஒன்று, கொதிநிலை ஏறும். இரண்டு, அதில் கலந்திருக்கும் மருந்து துருவையும் அரிப்பையும் தடுக்கும். போர்த் தண்ணீர் ஊற்றினால் இரண்டும் போயிற்று.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா என்றால், போரை விட மேல். ஆனாலும் அதில் உப்பு கொஞ்சம் இருக்கும். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும், தூசியைக் கழுவிக்கொண்டு வருவது. பேட்டரிக் கடைகளில் டிஸ்டில்டு வாட்டர் கேன் கிடைக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும்.

ரோட்டில் முள் ஏறினால்

1. ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழு அளவில் வையுங்கள். இந்த வெயிலில் ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள். இன்ஜின் சூட்டில் ஒரு பகுதியை அது வண்டிக்குள் இழுத்துக்கொள்ளும். ஒதுங்க இடம் கிடைக்கும் வரை அந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்கு அது உதவும்.

2. முள் சிவப்பைத் தொட்டாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, ஆவி வந்தாலோ ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்" என்பது இன்ஜினுக்குத் தெரியாது.

3. ஆட்களை இறக்கி நிழலுக்கு அனுப்புங்கள். பூட்டிய காருக்குள் குழந்தைகளையும் வயதானவர்களையும் உட்கார வைக்காதீர்கள். குடிதண்ணீர் தனியாக வைத்திருங்கள். என் பேத்தி விஷயத்தில் நாங்கள் அதில்தான் கோட்டை விட்டோம். இருந்த பாட்டில் தண்ணீரையும் ரேடியேட்டரில் கொட்டியிருந்தார்கள்.

4. சூடான இன்ஜின் மேல் தண்ணீர் அடிக்காதீர்கள். உள்ளேயும் ஊற்றாதீர்கள். காய்ந்த தோசைக்கல்லில் பச்சைத் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகுமோ, அதுதான். ஹெட் வளையும், வெடிக்கவும் செய்யும்.

5. முழுக்க ஆறியபின் திறந்து, மெதுவாக ஊற்றி, ஐந்து நிமிடம் சும்மா நின்று கீழே குனிந்து பாருங்கள். ஊற்றியது கீழே ஒழுகுகிறதா? ஒழுகினால் வண்டியைக் கிளப்பாதீர்கள். இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள். ஒழுகாமல் நின்றால், பக்கத்து ஊர் மெக்கானிக் வரை மெதுவாகப் போகலாம், முள் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே. அவசரத்துக்கு எந்தத் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் பிறகு அதை முழுவதும் வடித்து, கழுவி, கூலன்ட் மாற்றிவிட வேண்டும்.

வீட்டில் பார்க்க வேண்டிய வரிசை

இனி ஞாயிற்றுக்கிழமை வேலை. எல்லாமே இரவு முழுவதும் நின்று ஆறிய வண்டியில். வரிசையை மாற்றாதீர்கள். மலிவானதிலிருந்து விலை கூடியதற்குப் போகும் வரிசை இது.

முதலில் கூலன்ட் டப்பா. மேல் கோடு, கீழ்க் கோடு இரண்டும் அதில் இருக்கும். நடுவில் நின்றால் சரி. மாதக் கணக்கில் துளி குறைவது இயல்பு. நிரப்பிய இரண்டு மூன்று வாரத்தில் கீழ்க் கோட்டுக்குப் போனால் எங்கோ ஒழுகுகிறது. ரேடியேட்டரில் தனி மூடி உள்ள வண்டிகளில் அதையும் திறந்து பாருங்கள். டப்பா நிறைந்திருந்தும் ரேடியேட்டர் காலியாக இருப்பது உண்டு. மூடியின் ரப்பர் கெட்டால் அப்படி ஆகும்.

இரண்டாவது, ஒழுக்கு. இரவில் வண்டிக்குக் கீழே பழைய அட்டைப் பெட்டியை விரித்துப் போடுங்கள். காலையில் பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தோடு பிசுபிசுப்பான பொட்டு இருந்தால் அது கூலன்ட். நிறமில்லாத வெறும் தண்ணீர் என்றால் அது ஏசித் தண்ணீர், பயமில்லை. நம் குடியிருப்பில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் பயந்து வருகிறார்கள். ஹோஸ் இணைப்புகளில் உப்புப் பூத்த மாதிரி நிறப் பொருக்கு இருந்தால் அங்கே கசிந்து காய்ந்திருக்கிறது. ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தாலும், பஞ்சு மாதிரி தளர்ந்திருந்தாலும், வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். கிளாம்ப் தளர்ந்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் போதும். என் மருமகன் வண்டிக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்.

முன்பக்கக் கால்மிதி காரணமில்லாமல் ஈரமாகி இனிப்பு வாடை அடித்தால், உள்ளே ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகுகிறது. அது பட்டறை வேலை.

மூன்றாவது, ரேடியேட்டரின் முகம். நம் பக்கம் குதிரைவாலி, சோளம், கம்பு எல்லாம் ரோட்டிலேயே காயப் போடுவார்கள். அதன் மேல் ஓட்டிப் போனால் உமியும் சருகும் பறந்து முன்பக்கத் தகடுகளில் அடைந்துகொள்ளும். பருத்திப் பஞ்சு, கரிசல் புழுதி, மழைக்காலத்து ஈசல் எல்லாம் சேர்ந்து ஒரு போர்வை மாதிரி ஆகிவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய பிரஷால் தகடு நிற்கிற திசையிலேயே தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டால் சாதாரணக் குழாய் வேகம் போதும். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் தகடு மடங்கி, உள்ள வழியும் அடைந்துவிடும். வைக்கோல் அடியில் சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். அது சூட்டுக்கு மட்டுமல்ல, தீக்கும் வழி.

நான்காவது, ஃபேன். வண்டி ஓடும்போது சரியாக இருந்து, ரயில்வே கேட்டிலோ பஜாரிலோ நிற்கும்போது மட்டும் முள் ஏறினால் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். ஓடும்போது காற்று தானாக வருகிறது, நின்றால் ஃபேன்தான் இழுக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஏசி போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் வண்டிக் கையேட்டைப் பார்த்து ஃபேன் ஃபியூஸைச் சோதியுங்கள். கருகியிருந்தால் அதே எண் உள்ள ஃபியூஸ் மட்டும் போடுங்கள். பெரிய எண் போடுவதோ கம்பி சுற்றுவதோ தீப்பிடிக்க வழி. இன்ஜின் அணைந்திருந்தாலும் சில வண்டிகளில் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். சேலை முந்தானை, துண்டு, விரல் எதுவும் அருகில் கூடாது. கை வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது, தெர்மோஸ்டாட். மெழுகு அடைத்த ஒரு சின்ன வால்வு. 82, 88 என்று அதில் எழுதியிருக்கும் சூட்டில் மெழுகு விரிந்து வழி திறக்கும். கிளப்பிய சில நிமிடத்திலேயே முள் வேகமாக ஏறி, மேல் ஹோஸ் சுட்டு, கீழ் ஹோஸ் மட்டும் குளிர்ந்து கிடந்தால் அது திறக்கவில்லை என்று அர்த்தம். கழற்றத் தெரிந்தவர்கள் ஒரு பழைய பாத்திரத்துத் தண்ணீரில் கயிற்றில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்துப் பார்க்கலாம். கொதிக்கும் முன்பே திறக்க வேண்டும். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழட்டி எறிஞ்சிருங்க" என்று சில இடங்களில் சொல்வார்கள். கேட்காதீர்கள். இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடும். பெட்ரோல் கூடச் செலவாகும், தேய்மானமும் கூடும். புதியது போடுங்கள்.

இந்த ஐந்தும் சரியாக இருந்தும், நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் முள் ஏறினால், ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். அதற்குப் பட்டறைக்குப் போங்கள்.

ஓட்டவே கூடாத அறிகுறிகளும் உண்டு. ஆயில் ஊற்றும் மூடிக்கடியிலோ ஆயில் கம்பியிலோ பால் காபி நிறத்தில் நுரை. புகைக்குழாயில் நிற்காத வெள்ளைப் புகையும் இனிப்பு வாடையும். இன்ஜின் ஓடும்போது கூலன்ட் டப்பாவில் தொடர்ந்து குமிழி. காலையில் கிளப்பிய உடனேயே ஹோஸ் கல் மாதிரி விறைப்பது. இவையெல்லாம் ஹெட் கேஸ்கட் போனதைச் சொல்லும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவு ஏறும். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கூலன்ட் மாற்றுவது

போர்த் தண்ணீர் ஊற்றிய வண்டியா? ஆறிய வண்டியில் அடித் திருகைத் திறந்து வடியுங்கள். டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டர் போட்டு, கீழ் ஹோஸ் சூடாகும் வரை ஓட விடுங்கள். முழுக்க ஆறியபின் வடியுங்கள். துருநிறம் போய்த் தெளிவாக வரும் வரை இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். பிறகு கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ட். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு வகையைக் கலக்கவும் கூடாது. "ரெடி மிக்ஸ்" என்று எழுதியிருந்தால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. "கான்சன்ட்ரேட்" என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. நிரப்பிய பின் உள்ளே காற்று அடைபடலாம். அடுத்த இரண்டு நாள் காலையில் அளவு பார்த்து மறுபடி நிரப்புங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வடித்த கூலன்ட் விஷம். எத்திலீன் கிளைக்கால் என்ற அந்தப் பொருள் இனிப்பாக இருக்கும். தரையில் விட்டால் நம் வாசலில் படுக்கும் நாய், பூனை நக்கும். குழந்தைகள் தொடும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். யாராவது விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சாக்கடையிலோ செடியிலோ ஊற்றாதீர்கள். தட்டில் வடித்து, கேனில் மூடி, பெயர் எழுதிப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். குளிர்பானப் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்

ஒன்று, இதோ இந்தத் தூணருகே இருக்கும் போர்க் குழாயில்தான் எல்லாரும் காருக்குத் தண்ணீர் பிடிக்கிறோம். நானும் பிடித்திருக்கிறேன். அதன் மேல் "ரேடியேட்டருக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம்" என்று ஒரு போர்டு மாட்டுங்கள். கழுவுவதற்கு இருக்கட்டும்.

இரண்டு, வாட்ச்மேன் அறையில் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு கேன் வாங்கி வையுங்கள். எடுத்தவர்கள் புதிது வாங்கி வைத்துவிட வேண்டும். முதல் இரண்டு கேனும் என் செலவு.

மூன்று, பழைய கூலன்ட் சேர்க்க ஒரு பூட்டுப் போட்ட கேன். நிறைந்ததும் நானே பட்டறையில் சேர்த்துவிடுகிறேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை நான் இங்கே கீழே இருப்பேன். யாரும் வரலாம், மதினிமார்களும் வாருங்கள், நிறையப் பேர் இப்போது நீங்களே ஓட்டுகிறீர்கள். காசு வேண்டாம். ஒரே நிபந்தனை, வண்டி முதல் நாள் இரவே நின்றிருக்க வேண்டும். சூடாகக் கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

என் மருமகன் இன்று வரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க மாமா" என்றார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நாளைக்கு உங்களில் ஒருவருக்கு ரோட்டிலிருந்து இப்படி ஒரு போன் வரும். மகனோ, மருமகளோ, தம்பியோ கூப்பிடுவார்கள். "தண்ணி ஊத்திட்டு வா" என்று சொல்லாதீர்கள். "வண்டியை நிறுத்து. எல்லாரும் நிழலுக்குப் போங்க. தண்ணி எங்க போச்சுன்னு அப்புறம் பாப்போம்" என்று சொல்லுங்கள்.